பதினாறு பாட்டு, இருபது நிமிஷம்

எண்பதுகளின் தொடக்கத்தில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி ஒரு கேசட் அனுப்பினான். கூடவே கடிதம்: ஹார்ட்கோர் பங்க் என்று ஒரு வகை இசை, இது அந்த ஊர்ப் பையன்கள் போட்ட புது ஆல்பம், சத்தமாக வைத்துக் கேட்கவும். நான் அப்போது கரமனை அக்ரஹாரத்தில், கல்யாணமாகி எட்டு மாதமான மனைவியோடு குடியிருந்தேன். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்.

ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துவிட்டுப் போட்டோம். முதல் பாட்டு ஆரம்பித்தது தெரிந்தது. முடிந்தது தெரியவில்லை, அதற்குள் மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. டிரம் அடிக்கிறவனை யாரோ துரத்துகிறார்கள் போலிருந்தது. கிதார் மரம் அறுக்கிற மில் மாதிரிச் சத்தம் போட்டது. அதன்மேல் ஒருவன் கத்தினான். பதினாறு பாட்டும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டன.

பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்து, "டேப்ரிக்கார்டர் கேடாயிடுத்தோ?" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மறுநாள் சாலைக் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் நாகர்கோவில்காரர். ஹெட்டைத் துடைத்தார், பெல்ட்டைப் பார்த்தார், கேசட்டின் ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்டார்.

"மிஷினுக்கு ஒரு கேடும் இல்ல சாமி. அவன் பாடுததே இப்பிடித்தான்."

அதன்பிறகு நான் அதைத் தொடவில்லை. மனைவி தொட்டாள். ஆபீசிலிருந்து திரும்பும்போது நாலு வீடு தள்ளியே டிரம் கேட்கும். உள்ளே அவள் அமைதியாக அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

"இதுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு வார்த்தைகூடப் புரியலை. ஆனா சொல்ல வந்ததை ஒரு நிமிஷத்துல சொல்லி முடிச்சுடறான். குறுக்க யாரும் 'பாக்கலாம்'னு சொல்லலை, கேட்டேளா?"

பாக்கலாம் என்பது என் வார்த்தை. பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே தங்க வேண்டும், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வர முடியும். போகட்டுமா என்று நாலு முறை கேட்டாள். நாலு முறையும் பாக்கலாம் என்றிருந்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை டேப்பை நிறுத்திவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன். உங்களுக்குச் சமைக்கத் தெரியாது, கத்துக்கோங்கோ. வருத்தமா இருந்தா சொல்லுங்கோ. ஆனா போறேன்."

வருத்தமாக இருந்தது. சொன்னேன்.

"சரி," என்றாள்.

திங்கட்கிழமை காலை பஸ் ஏற்றிவிட்டேன். மலை வளைவுகளில் தலை சுற்றும் என்று எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடு அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தது. கேசட்டை நானே போட்டேன். ஒன்பதாவது பாட்டில் எல்லாம் சட்டென்று நின்று, ஒருவன் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும். பிறகு எல்லா வாத்தியமும் ஒன்றாக வந்து விழும். அந்த மூச்சு எனக்குப் பிடித்துவிட்டது. டேப்பைப் பின்னால் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். மாமி சுவரைத் தட்டினாள். பாட்டு முடியட்டும் என்று இருந்தேன், முடிந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் தொண்டை கட்டிப்போய் வந்து இறங்கினாள். ஒரே அறையில் நாலு வகுப்பாம். முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிச்சம். நான் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, உப்பு ஜாஸ்தி என்றாள். அந்த வேலையில் ஆறு வருஷம் இருந்தாள்.