ஆவியில் வெந்த கடைசிப் பாகம்

பதுளைக் கடைத்தெருவில் மாடி வைத்த பலசரக்குக் கடை கட்டினேன். தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்கு லொறி ஒரு கேடா என்று சிரித்தவர்கள் கண்முன்னே மூன்று லொறி ஓடவிட்டேன். மாரியம்மன் கோயிலுக்கு முன்மண்டபம் எழுப்பினேன். மண்சரிந்து விழுந்தது, மறுபடியும் எழுப்பினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்களுக்கும் அலுத்திருக்கும். சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் நான்தான் கட்டினேன்.

தெமோதரைப் பக்கம் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் லயத்தில் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கடல் தாண்டி இந்தியாவில் ஊருக்குப் போய்த் தோட்டத்துக்கு ஆள் கூட்டிவரும் என் மாமா, போகும்போதெல்லாம் ஒரு கதைப் புத்தகத்தின் அடுத்தடுத்த பாகங்களை வாங்கி வருவார். அதில் கல்யாணமான கையோடு ராஜா மாணிக்கக்கல் தேடிக் கப்பலேறிவிடுவான். ராணி தீவில் விளக்கேற்றிவைத்துக் காத்திருப்பாள். ஒவ்வொரு பாகமும் ராஜாவின் கழுத்துக்குக் கத்தி வரும் இடத்தில் நின்றுவிடும். ஏழு பாகம் வந்திருந்தது. எட்டாவதோடு கதை முடிகிறது என்று பின்னட்டையில் போட்டிருந்தது.

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து பெண்கள் கதை கேட்பார்கள். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். தூங்காதவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பா ரயில் பாதை வேலைக்கென்று போனவர், போனவர்தான். இருக்கிறாரா இல்லையா என்ற தகவலே கிடையாது. வெலிமடையிலிருந்து மரக்கறி வண்டி ஓட்டிவரும் ஒருவர், பெண்சாதியைப் பறிகொடுத்தவர், சித்தியைக் கேட்டு மாமாவிடம் ஆள் விட்டிருந்தார். அம்மா பதில் கேட்டு நச்சரித்தபோது சித்தி ஒன்றைத்தான் சொன்னாள்.

“அந்தக் கதை முடியட்டும்க்கா. அதுல என்ன வருதோ அதான் எனக்குக் குறி.”

“ஊர்ல எல்லாரும் கோயில்ல பூக்கட்டிப் பாப்பாங்க. இவ புத்தகத்துல பாக்குறாளாம்!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ராஜா தப்பித்தானா, அதுதான் கவலை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்டால் ராஜாவின் குதிரை பெயரைச் சொல்லி அடி வாங்கினேன். பள்ளி விட்டதும் ரோட்டு வளைவில் போய் மாமாவுக்காக நிற்பேன். பனி வந்து மூடினாலும் நிற்பேன்.

ஒருநாள் மாமா வந்தார். புத்தகம் தொலைந்துவிடக்கூடாதென்று, கையில் வைத்துக்கொள்ளாமல், கம்பளி மூட்டைக்கு நடுவில் பத்திரமாகச் செருகியிருந்தார். கடல் தாண்டுமுன் முகாமில் நோய்க்குப் பயந்து எல்லார் மூட்டையையும் ஆவியில் போட்டு எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் பார்த்த மனுஷன், அதை மறந்துவிட்டார். கம்பளியைப் பிரித்தால் புத்தகம் கொழுக்கட்டையாக இருந்தது.

“நானுந்தான் வெந்துபோய் வந்திருக்கேன் மாப்ள. என்னைப் பாத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா?” என்றார் மாமா.

அடுப்போரம் காயவைத்தேன். ஏடெல்லாம் ஒட்டிக் கல்லாகிவிட்டது. அட்டையில் ‘எட்டாம் பாகம்’ என்பது மட்டும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை; சாப்பிட்டுவிட்டு லயமே வந்து உட்கார்ந்துவிட்டது. முடிவு தெரியாமல் என்னால் இருக்க முடியாது. ஆகவே நானே முடித்தேன்.

கட்டியை மடியில் சாய்த்துவைத்து, கண்ணை எடுக்காமல் வாசித்தேன். ராஜா பூதத்தை வெட்டினான், பாம்பை வெட்டினான், வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தது. தொண்டை கட்டிப்போனது. அவன் திரும்பி வர இன்னும் எத்தனையோ கடல் கிடந்தது. எனக்கு மூச்சு இளைத்துவிட்டது. ராணி பக்கம் திரும்பினேன். ராணி விளக்கை ஊதி அணைத்தாள். மீன்காரன் படகில் ஏறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். சுபம்.

“என்னடா இது, ராஜா வரவே இல்லியா?” என்று ஒரு கிழவர் சண்டைக்கு வந்தார்.

“அப்படித்தான் போட்டிருக்கு தாத்தா.”

சித்தி மெதுவாகக் கேட்டாள்: “போறப்ப ராணி அழுதாளாடா?”

கட்டியைப் பார்த்தேன். “இல்ல சித்தி. பசிச்சுதுன்னு போட்டிருக்கு.”

சித்தி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது வெகுநாளைக்குப் பிறகு. புத்தகத்தை வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தை நெம்பிப் பார்த்தாள். ஓர் ஏடும் அசையவில்லை. என் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

“அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா வாசி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி.”

வாசித்தேன். முதல் தடவை மீன்காரன் படகு, இரண்டாம் தடவை உப்பு வியாபாரி தோணி. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சித்தி எழுந்து, “வண்டிக்காரவுக வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கண்ணே” என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.

குறி பலித்துவிட்டது, சித்தி ஏமாந்துவிட்டாள் என்று நான் நெடுங்காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் திறக்காத புத்தகத்தை யாராலும் வாசிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாதா? காத்திருந்து களைத்தவள் போகலாம் என்பதை ஊர் கேட்க ஒரு வாய் சொல்லவேண்டியிருந்தது. அது என் வாய்.

இப்போது வெலிமடையில் சித்தியின் பேரன்மார், பாட்டியின் கல்யாணம் என் மாமா பேசி முடித்த சம்பந்தம் என்று சொல்லித் திரிகிறார்கள். மாமா புத்தகத்தை வேகவைத்துக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். அந்தப் படகைக் கட்டியவன் நான். இனிமேல் சொல்லும்போது என் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.