சேனை வைத்த விரல்

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுக் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். வைப்பவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் யார் வைப்பது என்று முடிவு செய்வதற்குள் குடும்பத்தின் வண்டவாளம் முழுக்க வெளியே வந்துவிடும். என் மகனை ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் அதுதான் நடந்தது. என் கணவர் சோம்பேறி என்று அவருடைய அக்காவே சொல்லிவிட்டார். என் கோபம் ஊரறிந்தது, என்னை யாரும் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதே நல்லது என்று படுத்தபடி நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நாத்தனார் என் மூத்த மகளைக் கூப்பிட்டார். அவள் அப்போதுதான் பாலர்பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். எனக்கு எப்படி இவள் வந்து பிறந்தாள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவித்தான் அழைத்து வந்தார்கள், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவள் விரலைக் கிண்ணத்தில் விட்டாள். முதலில் தன் வாயில் வைத்துச் சப்பிப் பார்த்தாள். பிறகு அதே விரலை மறுபடியும் கிண்ணத்தில் விட்டுத் தம்பியின் நாக்கில் வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், தையல் வலித்தது.

“உன்ன மாதிரியே தங்கமா வருவான் பாரு,” என்று நாத்தனார் அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

மறுநாள் மாலை அவள் சோறு வேண்டாம் என்றாள். தண்ணீர் குடித்தாலே வாய் எரிகிறது என்றாள். உடம்பு லேசாகச் சுட்டது. விடிந்ததும் உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. கை கால் வாய் நோய் பரவுவதால் வகுப்பை மூடிவிட்டதாகப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. அவளை உட்காரவைத்துப் பாதங்களைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தன.

பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக்கூடாது என்று நாத்தனார் தடுத்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிட இளையவர். எல்லாத் தாய்மாரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். மருந்து உண்டா? கிடையாது, இது வைரஸ், தானாக அடங்க வேண்டும், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். குளிக்க வைக்கலாமா? தாராளமாக. இது எத்தனை நாள் தொற்றும்? முதல் வாரம்தான் அதிகம், ஆனால் புள்ளி தெரிவதற்கு முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும் என்றார். வீட்டில் வேறு குழந்தைகள் இருக்கிறார்களா என்று அவர் கேட்டார். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத மகன் இருக்கிறான் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

அக்காள் தம்பியைத் தொட்டாளா, முத்தம் கொடுத்தாளா என்று விசாரித்தார். சேனை வைத்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாயில் அந்த வழக்கத்தை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விரலைச் சப்பியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு வந்தால் சில சமயம் ஆபத்தாகிவிடும் என்றார். காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். மற்றபடி காத்திருக்க வேண்டியதுதான்.

அன்றைக்கே மகளை நாத்தனார் பாலிக் புலாவில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அவள் அழவில்லை. காரில் ஏறி, சொல்லாமலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் மாடியிலிருந்து கையாட்டினேன்.

பயந்துபோயிருந்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்குப் பயம்கூட வரவில்லை, மரத்துப்போயிருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு ஈறைத் தொடுவது தெரியும், வலி தெரியாது, அப்படி இருந்தது. மகனுக்குப் பால் கொடுத்தேன், அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தேன், பாதத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன், மறுபடியும் பால் கொடுத்தேன். பிறந்த குழந்தை நாள் முழுக்கத் தூங்கும். இதில் அளவுக்கு மீறிய தூக்கம் எது என்று யாரைக் கேட்பது? எழுப்பிப் பார்ப்பேன், வீறிட்டு அழுவான். அந்த அழுகை கேட்டால் சரி என்று மறுபடி படுக்க வைப்பேன். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து கதவுக் கைப்பிடிகளைப் பிளீச் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீடு நீச்சல்குளம் மாதிரி நாறியது.

வாட்ஸ்அப் குழுவில் தாய்மாரின் கேள்விகள் ஓயவில்லை. முட்டை கொடுக்கலாமா, வேப்பிலை போடலாமா, பெரியவர்களுக்கும் வருமா, ஒருமுறை வந்தால் மறுபடியும் வருமா? பெரியவர்களுக்கும் வரும், மறுபடியும் வரும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிப் போட்டேன். நன்றி சிஸ்டர் என்று பூப்படம் அனுப்பினார்கள்.

நாத்தனார் தினமும் கூப்பிட்டுப் பால் குடிக்கிறானா என்று மட்டும் கேட்பார். சேனையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர்மேல் எனக்கு எக்கச்சக்கமான கோபம் இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒருநாள் போனை மகளிடம் கொடுத்தார். அவள் தன் உள்ளங்கையைத் திரையில் காட்டினாள். புள்ளிகள் காய்ந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

“பாப்பாவுக்கும் கையில வந்துருச்சாம்மா?”

இல்லை என்றேன். கிளினிக் கவுண்டரில் நம்பர் சொல்கிற பெண்ணின் குரலில்தான் சொன்னேன். அவள் சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மகனுக்கு ஒன்றும் வரவில்லை. காத்திருக்கச் சொன்ன காலமெல்லாம் கடந்த பிறகு டாக்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறான், அக்காவை அழைத்து வரலாம், எல்லோரும் கை மட்டும் நன்றாகக் கழுவுங்கள் என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்த என் கணவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வார இறுதியில் நாத்தனார் மகளைக் கொண்டுவந்து விட்டார். அவள் நேரே குளியலறைக்குப் போய்க் கை கழுவினாள். வெளியே வந்தாள், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி மறுபடியும் போய்க் கழுவினாள். அப்புறம் அறை வாசலிலேயே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். நான் மகனை மடியில் வைத்துக்கொண்டு, வா, வந்து தம்பியைத் தொட்டுப் பார் என்றேன். வரவில்லை.

“டாக்டர் தொடலாம்னு சொல்லிட்டாங்கடா. வாலா, என் தங்கம்.”

“வேணாம்மா. நான் தொட்டா அவன் என்ன மாதிரியே வந்துருவான். அவன் என்ன மாதிரி வர வேணாம்.”

நாத்தனார் பையிலிருந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றது.

அப்போதுதான் எனக்கு வலித்தது. அத்தனை நாளும் எங்கே இருந்ததோ தெரியாது, எல்லாம் சேர்ந்து ஒன்றாக வந்தது. மகனை நாத்தனாரின் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோய் அவள் முன்னால் மண்டியிட்டேன். பின்னால் இருந்த கையை முன்னால் இழுத்தேன். சேனை வைத்த அந்த விரலை மற்ற விரல்களுக்குள் வைத்து இறுக்கி மூடியிருந்தாள். நான் அழுதுகொண்டே பிரிக்கப் பார்த்தேன். சொன்னதையெல்லாம் கேட்கிற பிள்ளை, அன்றைக்குக் கையைத் திறக்கவே இல்லை.