ஐந்து மணி வரிசையும் ஒரு நீல நோட்டும்

இரவு ஆட்டோ ஓட்டுகிறவனின் கடைசிச் சவாரி பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரி வாசலில்தான் முடியும். விடியற்காலை ஐந்து மணிக்கே ஓ.பி. சீட்டுக்கு வரிசை சேர்ந்துவிடும். புதுச்சேரியில் பதினெட்டு வருஷமாக இதுதான் என் வழித்தடம். காத்திருந்த நேரத்தில் மாத்திரை அட்டைகளை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். போன வருஷம் என் மனைவி லூர்துக்காக நானும் அந்த வரிசையில் நின்றேன். எங்காவது ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருந்தால் உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

செருப்பு வரிசை

கவுண்டர் திறக்க எட்டு மணி ஆகும். அதுவரை ஆள் நிற்பதில்லை, செருப்பு நிற்கும். அவரவர் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு முன்னால் எப்போதும் அஞ்சலை அக்காவின் பச்சைச் செருப்பு இருக்கும். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர். முட்டி வலிக்காக என் ஆட்டோவில்தான் வருவார்.

ஒருநாள் பெருக்க வந்த அம்மா அத்தனை செருப்பையும் ஒரே குவியலாகத் தள்ளிவிட்டார். யார் முன்னே, யார் பின்னே என்று அரை மணி நேரம் கூச்சல். மூச்சுத் திணறல் என்று வந்தவர்கூட மூச்சு விடாமல் கத்தினார். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்த அந்த அம்மா சொன்னார்: "இத்தினி பேருக்கும் நோவுன்றீங்க, சண்ட போட மட்டும் எங்கேர்ந்துய்யா தெம்பு வருது?"

மூன்று எழுத்து

லூர்துக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தால் நெஞ்சை அடைக்கும். முதலில் பார்த்த டாக்டர் வாயுத் தொல்லை என்று சொல்லி, 'காஸ்' என எழுதினார். நாங்கள் கொண்டுபோன நீல நோட்டில்தான் எழுதினார். நோயாளியின் கதை முழுவதும் அவரவர் நோட்டில்தான் இருக்கும். அடுத்த முறை வேறு டாக்டர், அதற்கடுத்த முறை இன்னொருவர். மூன்று மணி நேரம் நின்று உள்ளே போனால், நோட்டைப் புரட்டி மூன்று எழுத்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள்: சி.எஸ்.டி. என் மாத்திரை அட்டை இங்கிலீஷுக்கு அது எட்டவில்லை. நானும் சும்மா இருந்தேனா? டாக்டர்கள் தேடிச் சிரமப்படக் கூடாதென்று, முதல் பக்கத்தில் 'காஸ்' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு வைத்தேன்.

ஆறு மாதமாயிற்று. நாலாவது படியிலேயே லூர்து உட்கார ஆரம்பித்தாள். ஏழாவது தடவை, மருந்து கொடுக்கிறவரிடம் அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "போன தபா குடுத்ததையே குடுன்னு அர்த்தம். அடுத்த ஆள் வாங்க."

ஐஸ் தண்ணி

அந்த வாரம் அஞ்சலை அக்காவின் நோட்டு மீன் கூடைக்குள் விழுந்து, ஐஸ் தண்ணியில் ஊறிக் கூழாகிவிட்டது. அழாத குறையாகப் புது நோட்டோடு உள்ளே போனவர் வெளியே வர அரை மணி ஆனது. வெறும் பக்கத்தைப் பார்த்த டாக்டர், என்ன செய்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்டாராம். காலைத் தூக்கச் சொல்லி, முதுகை அழுத்திப் பார்த்தாராம். கோளாறு முட்டியிலேயே இல்லை, முதுகெலும்பில். ஆட்டோவில் ஏறும்போது அக்கா சொன்னார்: "நோட்டு இல்லாதவங்ககிட்டதான் தம்பி கேள்வி கேக்குறாங்க."

புது நோட்டு

அன்று பகல் முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். "பழசு எங்க?" என்றாள் லூர்து. "ஆட்டோ சீட்டுக்கு அடியில இருக்குது. கேட்டா குடுப்போம். மொதல்ல நீ வாயத் தொற."

அடுத்த தடவை பதினோரு மணிக்கு உள்ளே விட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். வெறும் பக்கத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார். லூர்து ஆறு மாதத்தையும் சொன்னாள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை. காஸ் இல்லை, இதய வால்வு சுருங்கியிருக்கலாம் என்று எக்கோ ஸ்கேன் எடுக்க எழுதினார். இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும், ஓடிப்போய் நீல நோட்டைக் கொண்டுவந்தேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர், ஐந்தாவது பக்கத்தில் நின்றுவிட்டார். அது அவருடைய கையெழுத்து. எங்களுக்கும் அவர் முகம் நினைவில்லை. அன்று பார்த்தது அரை நிமிஷம்தானே. நோட்டை மூடி லூர்து கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏழு பேர் பாத்திருக்கோம்மா. ஏழு பேரும் நோட்டத்தான் பாத்திருக்கோம்."

மறுபடியும் நீயா

எக்கோவிலும் அதுதான் வந்தது. பலூன் விட்டு வால்வை விரிக்க மூன்று மாதம் தள்ளித் தேதி போட்டார்கள். நாலாவது படியில் உட்காருகிறவளுக்கு மூன்று மாதம் தாங்குமா? வாரா வாரம் சவாரி முடித்ததும் தேதி போடுகிற கவுண்டரில் போய் நின்றேன். யாராவது வராமல் போனால் எங்களைக் கூப்பிடுங்கள் என்றேன். "மறுபடியும் நீயா?" என்பார் கிளார்க். "நானேதான் சார்" என்பேன். ஐந்தாவது வாரம் கூப்பிட்டார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, முதல் செக்கப்புக்குப் போகிற நாள். ஐந்து மணிக்கு ஆட்டோவை வீட்டு வாசலில் நிறுத்துகிறேன். லூர்து செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நீ படுத்துத் தூங்குய்யா. வரிசைக்கு இன்னிக்கி நானே நடந்து போறேன்."

கணக்குப் பார்த்தால் அந்த ஆறு மாத வைத்தியமும் எங்கள் வீட்டு நீல நோட்டுக்குத்தான் நடந்திருக்கிறது. பாவம், அதற்கு ஒரு நோயும் கிடையாது.