பாராவுக்குத் தலை வைத்தவன்

அம்பத்தூரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஜெராக்ஸ் மெஷின் போட்டுத் தொடங்கியவன் நான். படிப்பு எட்டாவதோடு சரி. டைப்பிங் சென்டர் வைத்தேன், பைண்டிங் பட்டறை வைத்தேன், சேக்காட்டில் மாடி வீடு கட்டினேன். 'இவனுக்கு இங்கிலீஷ் வருமா?' என்று சிரித்தவர்களின் பிள்ளைகளே பிஎச்.டி. ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு என் கடை வாசலில் நின்றார்கள்.

இப்போது என் மருமகளும் பிஎச்.டி. செய்கிறாள். இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் நம்மவர்களும் ஆய்வேடுகளில் எந்தச் சொற்றொடர்களை அச்சுப்போல் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. போன மாதம் கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமா, மூஞ்சி டல்லா கீது?"

"'இட் ஷுட் பி நோட்டட் தட்' மாமா. வெள்ளைக்காரங்க எப்பவாவதுதான் எழுதறாங்க. நம்ம பக்கத்து ஆய்வேட்டுல பாராவுக்குப் பாரா வருது. காரணம் சொல்லலேன்னா இந்த அத்தியாயத்தையே தூக்கிடுன்னு கைடு சொல்லிட்டார்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அது நம்ம சரக்குமா!" என்று கத்தினேன்.

பசங்க எழுதிக்கொண்டு வரும் பாராக்கள் மொட்டையாகத் தொடங்கும். எனக்குக் கண்ணுக்குப் பிடிக்காது. ஒரு புரொபசரின் ஆய்வேட்டில் பார்த்த அந்தத் தொடரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தேன். இரண்டு எழுத்து தட்டினால் முழுசாக வந்து விழும். மொட்டைப் பாரா வந்தால் ஒரு தட்டு. 'கெத்தா கீது அண்ணாத்தே!' என்று வாங்கிப் போவார்கள். அந்த ஆய்வேடுகளைப் பார்த்து எழுதிய அடுத்த வருஷத்துப் பசங்க, தாங்களாகவே அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மருமகள் நம்பவில்லை. "லைப்ரரிக்குப் போ. பின்னட்டைக்குள்ள நம்ம கடை ஸ்டிக்கர் கீதான்னு பாரு" என்றேன்.

மறுநாள் அங்கிருந்தே போன். "மாமா! ஸ்டிக்கர் இருக்கறதுல எல்லாம் கொட்டிக் கிடக்கு. பூந்தமல்லியில பைண்ட் பண்ணதுல தேடித்தான் பிடிக்கணும்!"

கடையிலேயே கை தட்டிக் குதித்தேன். என் பையன், "பேசாம டாக்டர் பட்டத்த நீயே வாங்கிக்க நைனா" என்றான்.

அத்தியாயம் பிழைத்தது. கைடும் ஒப்புக்கொண்டாராம். ஆனால் அவள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னால், 'உள்ளூர்த் தட்டச்சு நிலையம் ஒன்றின் தாக்கம்' என்கிறாள். ஒன்றாம்! நன்றியுரையில் போடுகிறேன் மாமா என்று சமாதானம் வேறு. நன்றியுரையில் எல்லோரும்தான் வருவார்கள். எனக்கு அந்த அத்தியாயத்துக்குள்ளேயே இடம் வேண்டும், என் பெயரும் கடையின் பெயரும் முழுசாக. அது வரும்வரை அவள் ஆய்வேட்டுக்கு என் பட்டறையில் அட்டை ஏறாது.