நாய்ப் படமும் சிவப்பு அம்பும்

துணியில் படம் ஒட்டுகிற, கையடக்கமான அந்த ஹீட் பிரஸ் கூரியரில் வந்து இறங்கிய அன்றே என் வீட்டுக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார், அடித்தகட்டில் மயிரிழை அளவு ஒரு கீறலைக் கண்டுபிடித்தார், அதற்கு ஒரு சிவப்பு அம்பு ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எப்படி இருக்கிறது, எதற்கு வாங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் வேலம்பாளையத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வந்த பீஸில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால், நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை முனை அதைப் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். சரிசெய்ய முடிந்தால் ஆல்ட்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட். மற்றவர்களுக்கு அந்த வேலை கம்பெனி கேட்டோடு முடிந்துவிடும். இவருக்கு மட்டும் சட்டைப் பையில் ஸ்டிக்கர் சுருளாக வீடு வரை வரும்.

சுண்ணாம்பு பெயர்ந்த சுவரில் ஓர் அம்பு. ஆடுகிற குக்கர் கைப்பிடியில் ஓர் அம்பு. தோசை ஓரம் கருகினால் தட்டின் விளிம்பில் ஒட்டிவைப்பார். வாயைத் திறந்து குறை சொல்ல மாட்டார், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். ஸ்டிக்கரோடு யார் சண்டை போடுவது?

ஊரே பனியனுக்குப் பிரின்ட் அடிக்கிறது, நீ வீட்டுக்குள் உட்கார்ந்து இஸ்திரிப்பெட்டிக்குக் குட்டி போட்டதுபோல் ஒன்றை வைத்துத் தேய்க்கிறாயா என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு விற்கிற எண்ணமே கிடையாது. சூட்டில் ஒட்டிக்கொள்கிற கலர் ஷீட்டைக் கத்தரித்து, துணி மேல் வைத்து, பட்டர் பேப்பர் போட்டு அமுக்கி எடுத்தால், வெறும் துணிப்பையில் ஒரு பூ வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சந்தோஷம் போதும் எனக்கு. அதற்கும் அம்பு விழுந்தது. தலையணை உறையில் இலை சாய்ந்திருந்ததாம். பையில் பூவின் முனை தூக்கிக்கொண்டதாம். கம்பெனி மெஷின் மேலிருந்து மொத்தமாக அமுக்கும், கையால் அமுக்கினால் அந்த அழுத்தம் எங்கே வரும் என்று ஒருநாள் விளக்கமும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்து தொலைப்பதால்தான் இன்னும் எரிச்சல்.

என்னோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், எந்நேரமும் படம் வரைவாள். முன்பெல்லாம் வரைந்து முடித்ததும் அப்பாவிடம் ஓடுவாள். அவரும் மடியில் உட்காரவைத்துக்கொண்டு, ஆசையாகத்தான், வீட்டுக் கூரை கோணல் என்று ஓர் அம்பு ஒட்டுவார். பிறகு அவள் காட்டுவதற்கு முன்னால் அழித்து அழித்துத் தாளைக் கிழிக்க ஆரம்பித்தாள். பிறகு காட்டுவதையே விட்டுவிட்டாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் வரைந்த ஒரு படமாவது இந்த வீட்டில் அம்பு படாமல் அவள் உடுப்பில் ஏற வேண்டும் என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

அவள் பிறந்த நாள் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அன்று கலர் டிரெஸ் போடலாம். கம்பெனி கேட்டில் படுத்திருக்கும் நாயை அவள் வரைந்திருந்தாள். அதையே கறுப்பு ஷீட்டில் கோடு பிசகாமல் வெட்டினேன். ஷீட் அதோடு தீர்ந்தது. முந்தின நாள் மத்தியானம் அவளுடைய வெள்ளை டீ-ஷர்ட் பனியன் மேல் நாயை வைத்து, பட்டர் பேப்பரை மூடி, பிரஸ்ஸைச் சூடேற்றினால் கரண்ட் போய்விட்டது. சரி, வருகிறபோது வரட்டும் என்று பின்பக்கம் பாத்திரம் கழுவப் போனேன். அந்த நேரத்தில் இவர் சாப்பாட்டுக்கு வந்து, தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கரண்ட் வந்தது. பேப்பரைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த முறை அழுத்தம் பத்தவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்று முழு பலத்தையும் போட்டு அமுக்கினேன். ஆற வைத்துப் பேப்பரை உரித்தால், நாயின் வாலுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஓர் அம்பு துணியோடு வெந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பசை இழுபட்டது, சிவப்பு இன்னும் பரவியது. என் கையால் ஒட்டிய எதுவும் அவ்வளவு நன்றாக ஒட்டியதில்லை.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பனியனை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்த ஊட்டுல ஒண்ணாவுது உங்க கையில பாஸ் ஆயிருக்குதாங்க?"

அவர் பனியனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாய்க்கு அஞ்சு காலு இருந்துச்சு, அதான் வெச்சேன்" என்றார்.

அது கால் இல்லை, வால். கொஞ்சம் தடிமனாக, தரை வரை தொங்குகிற மாதிரி வரைந்துவிட்டாள், அவ்வளவுதான். நான் கத்துகிற சத்தம் கேட்டு அவளே வந்தாள். அம்பைத் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவளோ, வாலைச் சின்னதாக வரைந்திருக்க வேண்டும், தப்புதான் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மறுநாள் காலையில் வேறு சட்டை எடுத்துக் கொடுத்தேன், வேண்டாம் என்று அந்தப் பனியனையே போட்டுக்கொண்டாள். இவர் கம்பெனிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் நேராகப் போய் அவர் முன்னால் நின்றாள். போன வாரம்தான் அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. கன்னத்தில் ஒரு சிவப்பு அம்பு. அவளே ஒட்டியிருந்தாள், முனை வாயைப் பார்த்து இருந்தது.

"அப்பா, இது ஆல்ட்டருங்களா, ரிஜெக்டுங்களா?"

அவள் விளையாடவில்லை. செக்கிங் டேபிளில் பெண்கள் பீஸைத் தூக்கிப் பிடித்து இவரிடம் கேட்பார்கள் அல்லவா, அப்படிக் கேட்டாள். எந்தப் பீஸையும் ஒரு புரட்டில் சொல்லிவிடுகிற மனிதர், குனிந்து அந்த அம்பை மெல்ல உரித்தார். உரித்ததை எங்கே ஒட்டுவதென்று தெரியாமல் விரலிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முந்தின நாளிலிருந்து அவரைக் கேட்க நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை கேள்வியும் எனக்கு மறந்துபோயிற்று. அவள் மட்டும், அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்தபடியே பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.