வேங்கிக்காலில் வாங்கிய கேமரா

ஞாயிறு காலை ஆறரைக்கு வேலூரில் பஸ் ஏறினேன். திருவண்ணாமலைக்கு எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பையில் பதினாலாயிரம் ரூபாய், மருந்துக் கடை ஊழியனான என் ஒரு வருடச் சேமிப்பு. புது எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு இது காணாது. வேங்கிக்காலிலிருந்து ஒரு பெண், தன்னுடைய பழைய கேமராவை லென்ஸோடு பதினாறாயிரத்துக்குத் தருவதாக இணையத்தில் போட்டிருந்தாள். மூன்று மாதமாகக் கேமரா வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்ததால், பேசி விலையைக் குறைத்துவிடலாம், என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு தெம்பு.

போளூர் தாண்டி மலை கண்ணில் பட்டதும் பக்கத்தில் இருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். இறங்கியதும் நேராகக் கோயிலுக்குப் போய், நல்ல கேமராவாக அமையவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். குருக்கள் கை நிறைய விபூதி கொடுத்தார். பூசியது போக மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன்.

வேங்கிக்காலுக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். "கலெக்டர் ஆபீஸ் தாண்டி மெயின் ரோட்லயே எறக்கி வுட்டுடுவேன், உள்ள நடந்துக்கங்க" என்றார் ஓட்டுநர்.

வீட்டில் கவிதாவும் அவள் அப்பாவும் காத்திருந்தார்கள். எம்.எஸ்.சி. சேரக் கட்டணம் வேண்டும், அதற்காகத்தான் விற்கிறாள். அரிசி நிரப்பிய டப்பாவுக்குள்ளிருந்து, துணி சுற்றிய கேமராவை எடுத்தாள்.

"ஈரம் புடிக்கக்கூடாதுன்னு இப்படித்தாங்க வெப்பேன்."

நாலு படம் எடுத்துப் பார்த்தேன், குறையில்லை. பிறகு லென்ஸைக் கழற்றி, கைபேசி விளக்கை அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"பூஞ்சைங்க. அரிசித் தூசு போனா இப்படித்தான் ஆவும்" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "நேத்துகூட நல்லா இருந்துச்சே. தொடச்சுப் பாக்கட்டுமா?"

"உள்ள இருக்குங்க. தொடச்சா போவாது."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "ஒரு பொருளை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியுதா உனக்கு? இதுல மேல்படிப்பு வேற."

அவள் தலை குனிந்து நின்றாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி. பேரமே பேசாமல் பதிமூன்றாயிரத்துக்கு முடிந்தது.

பன்னிரண்டரைக்கு மெயின் ரோட்டிலேயே வேலூர் பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து லென்ஸை வெயிலில் பிடித்தேன். அந்த வெள்ளைக் கறையில் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. பூஞ்சைக்கு ஏது ரேகை? கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தேன், கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. கைக்குட்டையை முகர்ந்தால் கோயில் வாசனை. என் நகக்கண்ணில் இன்னும் விபூதி இருந்தது.

ஒரு பெண்ணை, அவள் வீட்டிலேயே, எதையும் பேணத் தெரியாதவள் ஆக்கிவிட்டு, லாபம் என்று சந்தோஷப்பட்டு வந்திருக்கிறேன். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் கொஞ்ச தூரம் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு கவிதாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"தப்பு என்னுதுங்க. கையில மிச்சம் இருக்கறத இப்பவே அனுப்பறேன். பாக்கி சம்பளம் வந்ததும்."

கவிதா இடைமறித்தாள். "பணம் இருக்கட்டுங்க. மொதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடறேன். அவருக்கு போன்ல சரியா கேக்காது, சத்தமா சொல்லணும்."

பஸ்ஸில் இதற்குள் நிற்க இடமில்லாத கூட்டம் ஏறியிருந்தது. "அது பூஞ்சை இல்லீங்க, என் கையில இருந்த விபூதி" என்றேன். என்ன என்றார் அப்பா. இன்னும் உரக்கச் சொன்னேன். முன் சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப எம் பொண்ணு ஒழுங்காத்தான் வெச்சிருந்தா?"

"ஆமாங்க."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. அவங்கம்மா அடுப்படியில இருக்கா, அவளுக்கும் கேக்கட்டும்."

நான் எழுந்து நின்று, மொத்த பஸ்ஸும் கேட்க, "உங்க பொண்ணு ஒழுங்காத்தான் வெச்சிருந்தாங்க" என்று சொன்னேன்.