ஸ்டெர்லினுக்கு வந்த காம்போதி

ஸ்டெர்லின் அண்ணனின் வயலின் ஒரே நாளில் இரண்டு இடத்தில் உட்காரும். ஞாயிறு காலை தாராவி சர்ச்சில் நின்றபடி, மோவாய்க்கு அடியில். அன்று மாலை காட்கோபரில், பாடகர் சலாவுதீனின் கஜல் மேடையில், சம்மணம் போட்ட காலின் கணுக்கால் மேல். கணபதி விழா வந்தால் பத்து நாளும் அபங்கம் பாடும் மராத்தி பக்திக் குழு. இடையில் அந்தேரி ஸ்டூடியோக்கள். அங்கே எந்த மொழிப் பாட்டு என்றுகூடக் கேட்காமல் வாசித்துவிட்டு வருவார்.

"ஊருல உள்ள எல்லா மேடைக்கும் கை வருது. வீட்டுல ஒரு பல்பு மாட்டச் சொன்னா தோள் வலிக்கி," என்பார் அவர் மனைவி கிளாரா அக்கா.

அவர்கள் வீட்டுக்கு மேல் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்குச் சாத்தான்குளத்துப் பக்கத்துக் கிராமம். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான், பாந்த்ராவில் வேலை. சங்கீதம் படித்ததில்லை. கீழேயிருந்து வரும் வயலினைக் கேட்டுக் கேட்டுத்தான் நாலைந்து ராகங்களின் பெயர் தெரியும்.

அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரே ஏக்கம். கர்நாடகக் கச்சேரியில் பாடுகிறவர் பெரிய ராகத்தை விரித்துப் பாடி முடித்ததும் வயலின் பக்கம் கையைக் காட்டுவார். அதற்குப் பிறகு அந்த ராகம் வயலின்காரருடையது. எட்டு நிமிடம், பத்து நிமிடம். தாளம் இல்லை, வார்த்தை இல்லை, யாரும் குறுக்கே வரமாட்டார்கள். மாட்டுங்காவில் ஒன்பது வருடம் முறையாகப் படித்தவருக்கு அந்தப் பத்து நிமிடம் இருபத்திரண்டு வருடமாகக் கிடைக்கவில்லை. சபாக்காரர்களுக்கு அவர் "அந்த கஜல் வயலின்".

கஜலில் இரண்டு வரிகளுக்கு நடுவே அரை நிமிடம் கிடைக்கும். பாடுகிறவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் வாசித்து முடித்து, அவர் அடுத்து எடுக்கப்போகும் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். அதில் அண்ணனுக்கு இணையாக ஆள் இல்லை என்று சலாவுதீனே சொல்வார்.

போன பிப்ரவரியில், மூன்றாவது ஞாயிறு. மாட்டுங்கா சபாவில் செம்பூர் ஸ்ரீதேவி மாமியின் கச்சேரி. சென்னையிலிருந்து வரவேண்டிய வயலின்காரருக்கு விமானம் ரத்து. மதியம் இரண்டு மணிக்கு அண்ணனுக்கு போன் வந்தது. போனை வைத்ததும் மாடிப்படிக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீயும் வா. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்," என்றார்.

கிளாரா அக்கா வேட்டியை நீட்டினார். "பேண்ட்டோட போயிராதீய."

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். கச்சேரி நன்றாகவே போனது. ஸ்ரீதேவி மாமி காம்போதி ராகத்தை எடுத்தார். அவர் பாடிய ஒவ்வொன்றையும் அண்ணன் வில் உடனுக்குடன் வாங்கிக்கொண்டது. கால் மணி நேரம் பாடி முடித்து, மாமி இடது பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேலே ஒரு பிடி, அதிலிருந்து வழுக்கி இறங்கி ஒரு வளைவு. மாமி தண்ணீர் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அந்தச் சத்தத்துக்கு அண்ணனின் வில் தானாக இறங்கி, சட்ஜத்தில் வந்து நின்றுவிட்டது.

மாமி அவரைப் பார்த்தார். இன்னும் வாசியுங்கள் என்பது போல விரலை அசைத்தார். கண் மூடியிருந்த அண்ணன் அதைப் பார்க்கவில்லை. வில்லை மடியில் வைத்துவிட்டார். யாரோ இரண்டு பேர் கைதட்டினார்கள். மாமி பாட்டை எடுத்தார்.

கச்சேரி முடிந்து செருப்பு போடும் இடத்தில் மாமி கேட்டார்: "நன்னாத்தானே ஆரம்பிச்சேள்? ஏன் அதுக்குள்ள விட்டுட்டேள்? நேரம் இருந்துதே."

"மன்னிச்சுக்கிடுங்கம்மா," என்று மட்டும் சொன்னார்.

நடந்தே வந்தோம்.  கிங் சர்க்கிள் தாண்டியதும், "எம்புட்டு நேரம் வாசிச்சேன்?" என்றார்.

"ஒரு நிமிஷம் இருக்கும்ணே." அரை நிமிடம்தான் இருக்கும், கூட்டித்தான் சொன்னேன்.

"முடிஞ்சிட்டுன்னே நெனச்சேன் டே. சத்தியமா. கை அதுவா முடிச்சிட்டு."

ஏப்ரலில் கோபர்கைரனேயில் ஒரு நிகழ்ச்சிக்கு சலாவுதீன் போனில் தேதி கேட்டார். நான் அண்ணன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"தீஸ்ரா சண்டே சோட்கே போலோ, பாய்," என்றார் அண்ணன். மூன்றாவது ஞாயிறு மட்டும் வேண்டாமாம். மாதாமாதம் சபாக் கச்சேரி அன்றைக்குத்தான்.

கிளாரா அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சபாவுல கூப்பிட்டாவளா?"

"இல்ல."

"பெறவு?"

"கூப்பிட்டா என்ன செய்யதுக்கு?"

அக்கா கேலி எதுவும் செய்யவில்லை. உள்ளே போய்விட்டார்.

இது ஆகஸ்ட். மூன்றாவது ஞாயிறுகளில் அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் வேட்டி கட்டிக்கொள்கிறார். சபாவில் கச்சேரி ஆறு மணிக்குத் தொடங்கும். ஆறரை தாண்டி, இனி போன் வராது என்று ஆன பிறகு, கீழே காம்போதி ஆரம்பிக்கும். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்பேன். வீட்டில் நீளமாகத்தான் வாசிக்கிறார்.